பரண் மேல் இருந்த குக்கர்



இரண்டு இதழ்களுக்கு முன்னால் விருப்ப ஓய்வு பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தோம். கைக்கு வரும் தொகையை அஞ்சலகத்தில் போடுவதா வங்கியில் போடுவதா, மருத்துவக் காப்பீடு விட்டுப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, பிள்ளைகள் கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்று எல்லாமே பணக் கணக்கு. கடிதங்களும் அதைப் பற்றித்தான் வரும் என்று நம்பி, தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் பதில் எழுதித் தரச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்த உதவி ஆசிரியர் கடிதக் கட்டை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், ஆடிட்டருக்கு வேலையில்ல. தூக்க டாக்டர் யாராவது தெரியுமா?"

பாதிக்கு மேல் தூக்கத்தைப் பற்றியே வந்திருந்தன. ஒருவர் எழுதுகிறார்: வேலையில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்க மாட்டோமா என்று ஏங்கினாராம். இப்போது ஏழு நாளும் ஞாயிறு. ஆனால் நாலரைக்கே முழிப்பு வந்து, மின்விசிறியை எண்ணிக்கொண்டு கிடக்கிறாராம். (ஒரே மின்விசிறிதான் இருக்கிறது என்றும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார். இந்த மாதிரி வாசகர்கள் இருக்கும் வரை எனக்குக் கவலையில்லை.) இன்னொருவர் சென்னையில் கணினி நிறுவனத்தில் பல வருடம் அமெரிக்க ஷிப்டு பார்த்து, நாற்பத்தைந்து வயதில் போதும் என்று விட்டவர். வேலையை விட்டு எட்டு மாதமாகியும் உடம்பு இன்னும் அமெரிக்காவிலேயே இருக்கிறதாம். விடியற்காலை நாலு மணிக்குத்தான் கண் சொக்குகிறது.

கட்டின் அடியில் ஒரு அஞ்சலட்டை. இந்தக் காலத்திலும் அஞ்சலட்டை! அதில் ஊர் இல்லை, பெயர் இல்லை, இரண்டே வரி. 'அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் எப்போது தூங்குவது?'

அந்த அட்டையைப் பத்து நாளாக மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்காவின் முகம்தான் அதில் தெரிகிறது. அதனால் இந்த மாதம் அக்கா வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அத்தானிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "பேரப் போட்ராத மாப்ளே" என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அத்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்தவர். 1980-களின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தபோது அது 'டிபார்ட்மெண்ட்'. பிறகு பி.எஸ்.என்.எல். ஆனது. அவர் வாயில் கடைசி நாள் வரை டிபார்ட்மெண்ட்தான். பழைய ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச் எழுப்பும் சத்தத்தை அவர் நடித்துக் காட்டினால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். பகலில் ஆயிரம் தறி ஓடுகிற மாதிரி இருக்குமாம். ராத்திரி இரண்டு மணிக்குமேல் எங்கோ ஒரு மூலையில் ஒற்றையாக டக், டக், டக் என்று கேட்குமாம். யாரோ ஒருவர் ஒரு எண்ணைச் சுழற்றுகிறார், நல்ல சேதியாக இருக்காது என்று தெரியும் என்பார். பிறகு டிஜிட்டல் வந்தது, சத்தம் அடங்கியது, ஏசியின் ரீங்காரம் மட்டும் மிச்சம். நைட் டூட்டி மாத்திரம் போகவில்லை. பெஞ்சில் சாய்ந்து கோழித் தூக்கம் தூங்குவார். அலாரம் பேனலில் விளக்கு மாறினாலே கண் திறந்துவிடும்.

நைட் டூட்டி பார்ப்பவர் வீட்டில் பகல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை. குழந்தைகள் நுனிக்காலில் நடக்க வேண்டும். தபால்காரர் மணி அடிக்கக் கூடாது என்று அக்கா கேட்டுக்கொண்டதால் அவர் கம்பிக் கதவில் விரலால் தட்டுவார். அக்கா வீட்டில் முப்பது வருஷமும் வடித்த சோறுதான். கல்யாணச் சீராக வந்த பிரஷர் குக்கர் பரண் மேல் பழைய துணி சுற்றிக் கிடந்தது. வடித்த சோற்றின் ருசிக்காக என்றும், அத்தானுக்குச் சர்க்கரை வந்துவிடக் கூடாது என்பதற்காக என்றும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். நான் போன வருடம்தான் கேட்டேன். "விசில் அடிச்சா அவுக முழிச்சிருவாகல்லா" என்றாள் அக்கா, இதில் என்ன கேள்வி என்பது போல.

அக்காவின் அலாரம் நாலே முக்காலுக்கு. அத்தான் காலை டூட்டியோ மாலை டூட்டியோ நைட் டூட்டியோ, அந்த நேரம் மாறியதில்லை. பால் வாங்கணும், கோலம் போடணும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும். பிறகு மாமியாரின் மருந்து.

2020 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் நாடு முழுக்க சுமார் 78 ஆயிரம் பேர் அன்று ஒரே நாளில் வெளியே வந்தார்கள். ஐம்பது வயது தாண்டியவர்கள் கேட்டுப் பெறலாம் என்ற திட்டம். அத்தானுக்கு அப்போது 56. மாலை, சந்தனம், ஒரு பிரேம் போட்ட படம், ஒரு சுவர்க் கடிகாரம். (ஓய்வு பெறுபவருக்குக் கடிகாரம் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் நல்ல குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும். இனி எதற்கு மணி பார்ப்பது?) வீட்டுக்கு வந்ததும் அத்தான் செய்த முதல் காரியம், கட்டில் தலைமாட்டில் இருந்த எச்.எம்.டி. டைம்பீஸின் அலாரம் முள்ளை எடுத்துவிட்டதுதான். எனக்குப் போன் போட்டுச் சொன்னார்: "மாப்ளே, முப்பத்தஞ்சு வருசக் கடன் பாக்கி இருக்கு. தூங்கி அடைக்கப் போறேன்."

அடைத்தார். முதல் மூன்று வாரம் ராத்திரி பத்து மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம். தவறென்று சொல்ல மாட்டேன். வருடக்கணக்காகத் தூக்கத்தைத் தவணையில் வாங்கிய உடம்பு அப்படித்தான் கேட்கும். மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. உடம்புக்குத் தூக்கம் போதும் என்றாகிவிட்டது, மனிதருக்குப் படுக்கை போதவில்லை.

இதற்குள் மார்ச் 25 வந்து நாடே வீட்டுக்குள் போனது. கொரோனா ஊரடங்கில் எல்லோருக்கும் கிழமை மறந்தது. அத்தானுக்கு நாளும் மறந்தது. படுப்பது பத்தரையிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. எழுவது ஏழு, எட்டு, ஒன்பது. டிவியில் பழைய படம் ஓடும், அது முடிந்தால் போனில் ஏதாவது ஓடும். அக்கா உள் அறையில் புரண்டு புரண்டு படுப்பாள். நாலே முக்காலுக்கு அவள் அலாரம் மட்டும் தவறாமல் அடிக்கும்.

ஏன் தள்ளித் தள்ளிப் போகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் பெரும்பாலோருக்குச் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை, சில நிமிடங்கள் கூடுதலாக ஓடுகிறது. தினமும் காலை வெளிச்சம் கண்ணில் பட்டு அதைத் திருத்திவைக்கிறது. வெளிச்சத்தையும் வேலையையும் எடுத்துவிட்டால் என்னவாகும் என்று 1962-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் தன்மீதே சோதித்துப் பார்த்தார். மிஷெல் சிஃப்ர் என்று பெயர், அப்போது வயது 23. ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் கடிகாரம் இல்லாமல் தனியாக இரண்டு மாதம் இருந்தார். பசித்தால் தின்பது, தூக்கம் வந்தால் படுப்பது. செப்டம்பர் 14 அன்று வெளியே அழைத்தபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. ஏறக்குறைய 25 நாட்கள் அவரிடமிருந்து காணாமல் போயிருந்தன. நான் இதை அத்தானிடம் சொன்னபோது, "நான் குகைக்கெல்லாம் போகல மாப்ளே, ஹால்லயே பண்ணிட்டேன்" என்றார்.

மூன்றாவது கட்டம்தான் கடினமானது. எப்படியோ அதட்டி மிரட்டி அக்கா அவரைப் பத்தரைக்குப் படுக்க வைத்தாள். படுத்ததும் தூங்கிவிடுவார். சரியாக இரண்டரைக்கு முழிப்பு. நைட் டூட்டியில் பேட்டரி ரூமை ஒரு சுற்று பார்த்துவிட்டு வரும் நேரம் அதுவாம். உடம்பு அங்கே போய்விட்டு வருகிறது. பிறகு நாலரை வரை கிடப்பார். மகள் கல்யாணக் கடன், இன்னும் நாலு வருஷம் வேலை பார்த்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும், கூட வேலை பார்த்தவர் ஒருவர் திடீரென்று போய்விட்டாரே என்று எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வரிசை கட்டி வரும். பகலில் இதே விஷயங்களைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார்.

என் அப்பாவும் இரண்டரைக்கு எழுந்தவர்தான். இரவு மும்முனை மின்சாரம் வருகிற முறைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவார், மோட்டாரைப் போட்டு மடை திருப்பி விட்டு வரப்பில் துண்டை விரித்து உட்காருவார். நாலு மணிக்கு வந்து மறுபடி படுத்து ஒரு தூக்கம் போடுவார். அவர் ஒரு நாளும் தூக்கம் வரவில்லை என்று சொன்னதில்லை. பழைய காலத்து ஐரோப்பாவிலும் இரவில் இரண்டு தவணையாகத் தூங்கி, நடுவில் எழுந்து வேலை பார்ப்பது சாதாரணம் என்று ரோஜர் எகிர்ச் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் பழைய நாட்குறிப்புகளையும் நீதிமன்ற ஆவணங்களையும் துருவி எழுதியிருக்கிறார். நம் இலக்கணக்காரர்கள் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்ததில் யாமமும் வைகறையும் சந்திக்கிற இடம் இரவு இரண்டு மணி. அத்தானுக்கு முழிப்பு வருவது வைகறை பிறந்து அரை மணி கழித்து. அப்படிச் சொன்னால் கேட்கக் கொஞ்சம் கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு அந்த நேரத்தில் திருப்பிவிட ஒரு மடை இருந்தது. அத்தானுக்கு இல்லை.

ரயில்கள் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள், நானும் அத்தானும் திருச்செந்தூர் பாசஞ்சரில் ஆழ்வார்திருநகரிக்குப் போனோம். அங்கே கோயிலுக்குள் இருக்கும் புளியமரத்தைப் பார்த்திருப்பீர்கள். நம்மாழ்வார் அதன் அடியில்தான் யோகத்தில் இருந்தார் என்பது ஐதீகம். அதற்கு 'உறங்காப்புளி' என்று பெயர். பொழுது சாய்ந்தால் புளிய இலைகள் இரண்டிரண்டாகக் கூம்பிக்கொள்ளும், இந்த மரத்தின் இலைகள் மட்டும் மூடுவதில்லை என்பது ஊரார் நம்பிக்கை. அத்தான் கழுத்தை நிமிர்த்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகில், "இதுவும் நம்ம டிபார்ட்மெண்ட்தான் போல மாப்ளே. பெர்மனென்ட் நைட் டூட்டி" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவருக்கு நான் சொன்ன கதை, உடம்புக் கடிகாரம் என்ற சமாச்சாரமே உலகத்துக்கு மரத்தின் வழியாகத்தான் தெரிய வந்தது என்பது. அலெக்சாண்டரின் படையோடு வந்த ஆண்ட்ரோஸ்தெனீஸ் என்ற கிரேக்கர், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரம் இரவில் இலைகளை மூடிக் காலையில் திறப்பதைக் குறித்து வைத்தார். அது புளியமரம்தான் என்கிறார்கள். பல நூற்றாண்டு கழித்து, 1729-இல் டி மெய்ரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயிலே படாத இடத்திலும் அது காலையில் இலையை விரித்தது, இரவில் மூடியது. அதாவது கடிகாரம் வெளியில் இல்லை, செடிக்குள் இருக்கிறது. அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈயில் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நமக்கு எக்ஸ்சேஞ்ச் உள்ளயே இருக்கு. லைன்தான் பால்ட்டு" என்றார். நாற்பது பக்கம் படித்து நான் புரிந்துகொண்டதை மனிதர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

லைனைச் சரிசெய்ய அவரைப் பாளையங்கோட்டையிலேயே ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மாத்திரை எழுதித் தருவார் என்று எதிர்பார்த்துப் போன அத்தானுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மருத்துவர் முதலில் குறட்டை பற்றிக் கேட்டார், அக்காவிடம்தான் கேட்டார். குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறுகிறாரா, இரவில் எத்தனை தடவை சிறுநீர் கழிக்க எழுகிறார், மனசு எப்படி இருக்கிறது என்று வரிசையாக. அதில் எதுவும் பெரிதாக இல்லை என்றானதும், ஒரு நாளின் அட்டவணையைக் கேட்டார். மதியம் சாப்பிட்டதும் ஒன்றரை மணியிலிருந்து நாலு வரை தூக்கம் என்று அத்தான் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. ஆனால் அந்த மயக்கத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதில்தான் ராத்திரி இருக்கிறது. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்துகிறது, தூங்கினால் கரைகிறது. மதியம் இரண்டரை மணி நேரம் தூங்கினால், ராத்திரிக்கு வைத்திருந்த முதலில் ஒரு பங்கைக் கரைத்தாயிற்று. காபி வேறு கதை. அது அடினோசினைக் கரைப்பதில்லை, அது உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாலை நாலரை மணிக்குக் குடித்த காபியின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி, ராத்திரி ஒன்பதரைக்கும் நமக்குள் இருக்கும். வேலையில் இருந்தவரை கேன்டீன் டீ இரண்டோடு நிறுத்திய அத்தான், வீட்டில் பொழுது போகாமல் ஐந்து டம்ளர் காபி குடித்துக்கொண்டிருந்தார். போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள்.

மருத்துவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று. படுக்கும் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள் என்றார். எத்தனை மணிக்குத் தூங்கினாலும், நடுவில் எத்தனை மணி நேரம் விழித்துக் கிடந்தாலும், ஐந்தரை என்றால் ஐந்தரை. எழுந்ததும் வாசலுக்கு, வெளிச்சத்துக்கு. நடு இரவில் முழிப்பு வந்து இருபது நிமிடத்துக்குமேல் தூக்கம் வராவிட்டால் கட்டிலில் கிடக்காமல் எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் எதையாவது செய்வது, கண் சொக்கினால் மட்டும் திரும்புவது. கட்டில் தூங்குவதற்கு மட்டுமே. கவலைப்பட நாற்காலி இருக்கிறது. இந்த முறையை ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இலேயே எழுதிவிட்டார். இன்றும் தூக்கமின்மைக்கான சிகிச்சையில் இது முக்கியமான பகுதி. மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். இதற்குமேல் அதைப் பற்றி நான் பேசுவது சரியில்லை.

காலை வெளிச்சத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் டிசம்பர் மாதப் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு, ஜூனில் கிட்டத்தட்ட பத்தொன்பது மணி நேரம். திருநெல்வேலியில் வருடத்தின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில் வந்துவிடுகிறது. சாவி கொடுக்க வேண்டாத அலாரம்.

ஓய்வு பெற்றால் தூக்கம் கெடும் என்று நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். உண்மை அதற்கு எதிர்ப்பக்கம்தான் சாய்கிறது. பிரான்சின் தேசிய மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்கள் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், ஓய்வுக்கு முன் ஏழு வருடமும் பின் ஏழு வருடமும் கேட்டு எழுதிய ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது. ஓய்வுக்கு முந்தைய வருடம் நூற்றுக்கு 24 பேர் தூக்கம் சரியில்லை என்றார்கள். ஓய்வுக்கு அடுத்த வருடம் அது 18 ஆகக் குறைந்தது. பின்லாந்தில் நடந்த ஆய்வில் ஓய்வுக்குப் பிறகு இரவுத் தூக்கம் சுமார் 20 நிமிடம் கூடியிருக்கிறது. பெரும்பாலானோர் நன்றாகத்தான் தூங்குகிறார்கள். வேலைதான் தூங்கவிடாமல் வைத்திருந்தது.

ஆனால் அந்தப் பிரெஞ்சு ஊழியர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு நிலையான வேலை, 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு, சம்பளத்தில் 80 சதவீதம் ஓய்வூதியம். உடல்நலம் கெட்டு ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் தூக்கம் தேறவில்லை. ஓய்வூதியம் உள்ளவர் தலையணையும், ஐம்பது வயதில் 'இனி வர வேண்டாம்' என்று அனுப்பப்பட்டவர் தலையணையும் ஒன்றல்ல. நமக்கு வந்த கடிதங்களிலேயே அந்த வித்தியாசம் தெரிகிறது. விரும்பி வாங்கிய ஓய்வு என்று தாளில் இருக்கும், கையெழுத்துப் போட்டவருக்குத்தான் தெரியும் எவ்வளவு விருப்பம் என்று. அப்படி எழுதியவர்களுக்கு 'எழும் நேரத்தைப் பிடியுங்கள்' என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது முதலில் ஒரு வேலை. அதைப் பற்றித் தனியாக ஒரு சிறப்புப் பகுதி தயாராகிறது.

அந்தக் கணக்குகளில் எல்லாம் இருப்பவர்கள் ஊழியர்கள். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அஞ்சலட்டைக்காரர் அதில் இல்லை.

அத்தான் மருத்துவர் சொன்னபடி கேட்டார். டெக்னீஷியன் அல்லவா, லாக் புக் போட்டுவிட்டார். படுத்தது, எழுந்தது, முழிப்பு, காபி என்று நாலு பத்தி. முதல் பத்து நாள் சண்டையும் எரிச்சலுமாகப் போனது, மதியம் நாற்காலியில் தலை ஆடியது. மூன்றாவது வாரம் இரண்டரை மணி முழிப்பு நாலாகத் தள்ளிப்போனது. ஒன்றரை மாதத்தில் ஐந்து மணி வரை ஒரே தூக்கம். எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போக ஒரு காரணம் வேண்டுமே, பால் வாங்கும் வேலையை எடுத்துக்கொண்டார். பால் வாங்கி வந்தவர் சும்மா இருக்க முடியாமல் பாலைக் காய்ச்சினார். அடுத்த மாதம் டிகாஷன் போடப் பழகிவிட்டார்.

அப்போதுதான் அக்காவின் அலாரம் பற்றிப் பேச்சு வந்தது. பிள்ளைகள் வெளியூரில். மாமியார் காலமாகிவிட்டார். பாலும் காபியும் அத்தான் கையில். நாலே முக்காலுக்கு எதற்கு எழ வேண்டும்? அக்காவிடம் பதில் இல்லை. எழாமல் இருக்கவும் தெரியவில்லை. அலாரத்தை நிறுத்திய பிறகும் அதே நேரத்துக்குக் கண் திறக்கிறது. அத்தானுக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, கடிகாரம் கொடுத்து ஒரு நாள் குறித்துச் சொன்னார்கள், இன்றோடு சரி என்று. அக்காவுக்கு அப்படி யாரும் நாள் குறிக்கவில்லை.

போன மாதம் இதழ் முடித்த கையோடு இரண்டு நாள் பாளையங்கோட்டை போயிருந்தேன். இதழ் முடிக்கும் வாரத்தில் நானே ஒரு மணிக்குப் படுத்து ஆறுக்கு எழுகிற ஆள், ஊருக்குத் தூக்கம் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் பதில் இல்லை. முதல் நாள் காலை ஐந்தே முக்கால் இருக்கும். ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். அடுக்களையில் விளக்கு எரிந்தது, பாத்திரம் உருளும் சத்தம், ஒரு கரண்டி கீழே விழும் சத்தம், 'ச்சே' என்று அத்தானின் குரல். ஸ்டூலைப் போட்டு எப்போது பரணில் ஏறினாரோ தெரியாது. ஈயம் பூசின மாதிரி மங்கிப்போன அந்தச் சீர் குக்கர், புது கேஸ்கெட் போட்டு அடுப்பில் ஏறியிருந்தது. பொங்கலுக்கு அரிசியும் பருப்பும் வைத்திருந்தார்.

உள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறவர்கள் அவ்வளவு இறுக்கமாகக் கண்ணை மூட மாட்டார்கள்.

முதல் விசில் வந்தது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டாவது வந்தது. மூன்றாவது. அடுக்களையிலிருந்து அத்தானின் அசைவே இல்லை. நாலாவதுக்கு குக்கர் மூச்சு இழுக்கும்போது, கண்ணைத் திறக்காமலே அக்கா சொன்னாள்:

"தம்பி, எந்திச்சுப் போயி அவுககிட்ட அடுப்ப அணைக்கச் சொல்லு. நான் தூங்குதேன்னு சொல்லு."

அன்புடன்,
ஆசிரியர்